ஊட்னடாட்டா மண்சாலையில் தனியாக: பைக்கில் போக நினைப்பவர்களுக்கு

தெற்கு ஆஸ்திரேலியாவில் மாரீ என்ற சிற்றூரில் தொடங்கி மார்லா வரை சுமார் 620 கிலோமீட்டர் ஓடுகிறது ஊட்னடாட்டா டிராக். முழுக்க மண்ணும் சரளையும்தான். நடுவில் பெட்ரோல் கிடைப்பது இரண்டே இடங்களில்: வில்லியம் கிரீக், அப்புறம் ஊட்னடாட்டா. மாரீயிலிருந்து வில்லியம் கிரீக், அங்கிருந்து ஊட்னடாட்டா, அங்கிருந்து மார்லா என்று ஒவ்வொரு துண்டும் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் வரும். இந்த இடைவெளிகளில் கடை இல்லை, மெக்கானிக் இல்லை, போன் சிக்னலும் இல்லை.

அடிலெய்டில் குடியிருக்கும் எனக்கு இந்தச் சாலையில் தனியாகப் போய்வர வேண்டும் என்பது பல வருட ஆசை. குளிர்காலத்தில் போய்வந்தேன். அதன்பின் நிறையப் பேர் கேட்பது ஒரே கேள்வி: "தனியாப் போக பயமா இல்லையா?" என் பதிலை இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அவுட்பேக்கில், அதாவது ஆஸ்திரேலியாவின் ஆளரவமற்ற உட்பகுதியில், தனியாகப் போகிறவருக்குத்தான் மற்ற மனிதர்கள் அதிகம் தேவை. நாம் எங்கே இருக்கிறோம் என்று யாருக்காவது எப்போதும் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஏற்பாட்டைச் சரியாகச் செய்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். மீதிப் பயம் இருக்கட்டும், அது வேகத்தைக் குறைக்கும்.

ஏற்பாடு என்று நான் சொல்வது இதுதான். அடிலெய்டில் இருக்கும் என் தம்பியிடம் முழு வழியையும் எழுதிக் கொடுத்தேன். தினமும் காலையில் கிளம்பும்போது எங்கிருந்து எங்கே, எத்தனை மணிக்குப் போய்ச் சேருவேன் என்று ஒரு செய்தி. சேர்ந்ததும் இன்னொன்று. கிளம்புவதற்கு முன் அவன் கேட்ட கேள்வி எனக்குப் பிடித்திருந்தது: "அக்கா, ராத்திரி எட்டு மணிக்குள்ள மெசேஜ் வரலைன்னா நான் என்ன பண்ணணும்?" இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் யாரும் கிளம்பக் கூடாது. நாங்கள் முடிவு செய்தது: எட்டு மணிக்கு மேல் ஆனால் நான் கிளம்பிய இடத்துக்கும் போய்ச்சேர வேண்டிய இடத்துக்கும் போன் செய்து விசாரிப்பது. மறுநாள் காலை எட்டு மணி வரை எதுவும் தெரியவில்லை என்றால் 131 444க்கு அழைத்துப் போலீஸிடம் சொல்வது. நேரத்தைத் தெளிவாகக் குறிப்பது முக்கியம். "ரொம்ப நேரம் ஆச்சுன்னா பாரு" என்று சொல்லிவிட்டு வந்தால், வீட்டில் இருப்பவர் பாவம், எப்போது பயப்படுவது என்று தெரியாமல் தவிப்பார்.

செய்தி அனுப்ப சாட்டிலைட் மெசஞ்சர் ஒன்று வைத்திருந்தேன். இரண்டு பக்கமும் பேசிக்கொள்ளக்கூடிய வகை. அதோடு தனியாக ஒரு பி.எல்.பி., அதாவது உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் இழுத்துவிட வேண்டிய 406 மெகாஹெர்ட்ஸ் அபாய பீக்கன். அதை ஆஸ்திரேலிய கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தில் இலவசமாகப் பதிவு செய்துகொள்ளலாம். பதிவில் நம் பயண விவரத்தையும் தொடர்புக்கு உரியவர் எண்ணையும் எழுதிவைத்தால், சிக்னல் வந்ததும் அவர்கள் முதலில் அந்த ஆளைத்தான் கூப்பிட்டுக் கேட்பார்கள். பீக்கனைப் பையிலோ பெட்டியிலோ வைக்காதீர்கள். நாம் ஒரு பக்கமும் வண்டி ஒரு பக்கமும் விழுந்து கிடந்தால், பெட்டியில் இருக்கும் பீக்கனால் பயனில்லை. என்னுடையது ஜாக்கெட்டின் மார்புப் பையில் இருந்தது.

வண்டி ஹிமாலயன் 411. சென்னைக்குப் பக்கத்தில் செய்யப்பட்டு இங்கே வந்து விற்பனையான வண்டி. வேகமானது அல்ல, ஆனால் மண்சாலையில் 80க்கு மேல் போகப்போவதில்லை என்பதால் அது எனக்குக் குறையாகப் படவில்லை. டேங்க் 15 லிட்டர். மண்சாலையில் நிதானமாகப் போனால் லிட்டருக்கு 30 கிலோமீட்டர் கிடைக்கும். நெடுஞ்சாலையில் எதிர்காற்றில் சுமையோடு போனால் 25க்கு இறங்கிவிடும். கணக்கை எப்போதும் அந்த 25ஐ வைத்துத்தான் போட வேண்டும். கூடவே 5 லிட்டர் கேன் ஒன்று. தண்ணீர் 10 லிட்டர்: எட்டு லிட்டர் மடக்குப் பைகளில், இரண்டு லிட்டர் முதுகில் குழாய் வைத்த பையில். முதுகுப் பை இல்லாவிட்டால் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றித்தான் குடிக்க வேண்டும். சோம்பலில் குடிக்காமலே ஓட்டுவோம். குளிர்காலத்திலும் அந்த உலர்ந்த காற்று உடம்பு நீரை நமக்குத் தெரியாமலே உறிஞ்சிவிடும்.

வண்டியைத் தனியாகத் தூக்கிப் பழகிக்கொள்ளுங்கள். சுமை ஏற்றாமலே 200 கிலோவை ஒட்டுகிற வண்டி இது. கையால் இழுத்தால் முதுகு போய்விடும். ஹேண்டிலை முழுதாக ஒருபக்கம் திருப்பி, கியரில் போட்டு, சீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு கையில் ஹேண்டில் முனையும் மறு கையில் பின்பக்கக் கம்பியும் பிடித்து, காலால் தள்ளிச் சிறு அடிகளாகப் பின்னால் நடந்தால் எழுந்துவிடும். வண்டி வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முன்பே விரித்துவிட வேண்டும். வீட்டு வாசலில் பழைய மெத்தையைப் போட்டு அதன்மேல் வண்டியைச் சாய்த்துச் சாய்த்துப் பழகினேன். சுமையை முதலில் கழற்ற வேண்டும் என்பதால் பைகளை எளிதில் அவிழ்க்கும்படி கட்டினேன்.

அடிலெய்டிலிருந்து மாரீ வரை கிட்டத்தட்ட 700 கிலோமீட்டர். குவார்ன், ஹாக்கர் வழியாக ஃபிலிண்டர்ஸ் மலைத்தொடரை ஒட்டிப் போகும் அழகான பாதை. அதில் ஒரு விஷயம் மட்டும் சொல்ல வேண்டும். 1865இல் ஜார்ஜ் கோய்டர் என்ற நில அளவையாளர் ஒரு கோடு வரைந்தார். அதற்கு வடக்கே மழையை நம்பி விதைக்காதீர்கள் என்றார். இடையில் சில நல்ல மழை வருடங்கள் வந்ததும் மக்கள் அந்தக் கோட்டைத் தாண்டிப் போய்க் கோதுமை போட்டார்கள். வறட்சி திரும்பியதும் விட்டுவிட்டு வந்தார்கள். குவார்னைத் தாண்டியதும் அவர்கள் கட்டிய கல்வீடுகள் கூரையில்லாமல் நிற்பதை வழிநெடுகப் பார்க்கலாம். எனக்கு அந்த வீடுகளைப் பார்த்தது நல்லதாயிற்று. அதன்பின் வானம் தெளிவாக இருக்கிறதே என்று எந்தத் திட்டத்தையும் அவசரமாக மாற்றத் தோன்றவில்லை.

மாரீயில் பெட்ரோலை விளிம்பு வரை நிரப்பிக்கொண்டு, டயரில் காற்றைக் குறைத்தேன். முன்னால் 22, பின்னால் 26 பி.எஸ்.ஐ. அளவில். சுமையைப் பொறுத்து இது மாறும். குறைத்தால் பிடிப்பு கூடும், அதேசமயம் கூர்கல்லில் ரிம் அடிவாங்கும் வாய்ப்பும் கூடும். அதனால் இன்னும் குறைக்க நான் துணியவில்லை.

இந்தப் பாதை ஏன் இங்கே ஓடுகிறது என்று தெரிந்துகொண்டு போனால் பயணமே வேறாகிவிடும். கீழே கிரேட் ஆர்ட்டீசியன் பேசின் என்ற பெரும் நிலத்தடி நீர்ப்படுகை இருக்கிறது. கிழக்கே எங்கோ பெய்து, மண்ணுக்குள் லட்சக்கணக்கான ஆண்டுகள் ஊர்ந்து வந்த மழைநீர், இந்த வறண்ட தரையில் ஊற்றுகளாக மேலே வருகிறது. இந்த மண்ணின் பூர்வகுடிகளான அரபானா மக்கள் ஊற்றிலிருந்து ஊற்றுக்கு என்று காலங்காலமாக நடந்த வழி இது. ஜான் மெக்டூவால் ஸ்டூவர்ட் என்ற ஆய்வுப் பயணி 1859இல் இந்த ஊற்றுகளைப் பிடித்துக்கொண்டுதான் வடக்கே போனார். 1862இல் கண்டத்தின் வடகரையையே தொட்டுத் திரும்பினார். அவர் வழியை ஒட்டி 1872இல் தந்திக் கம்பி வந்தது. அப்புறம் ரயில்: 1891இல் ஊட்னடாட்டா வரை, 1929இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வரை. நீராவி எஞ்சினுக்கும் தண்ணீர் வேண்டுமே. 1980இல் அந்தப் பழைய பாதையில் ரயில் நின்றது. இன்று நாம் ஓட்டுவது இத்தனை பேரும் தண்ணீரைத் தேடிப்போன அதே வரிசையில்தான். வாப்மா கடார்பு பூங்காவில் பப்ளர் என்ற ஊற்றின் பக்கத்தில் நெடுநேரம் நின்றேன். அடியில் மணல் குமிழ்விட்டுப் புரண்டுகொண்டே இருக்கிறது. சுற்றிலும் பார்த்தால் ஒரு மரம்கூட இல்லை.

ஓட்டும் முறைக்கு வருகிறேன். சாலை முழுக்கக் குறுக்கே சின்னச் சின்ன வரப்புகள் இருக்கும். வண்டிகள் ஓடி ஓடி உண்டானவை. அங்கே கோருகேஷன் என்பார்கள். மெதுவாகப் போனால் பல் ஆடும். மிக வேகமாகப் போனால் சக்கரம் தரையில் பதியாது. என் வண்டிக்கு 65 முதல் 75 வரை சரியாக இருந்தது. ஃபுட்பெக் மேல் எழுந்து நின்று, முழங்காலைத் தளர்வாக வைத்து, ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காமல் விட்டால் வண்டி தானே வழி தேடிக்கொள்ளும். சாலை ஓரத்தில் வரப்பு குறைவாக இருக்கும் என்று ஆசைப்பட்டு ஓரம் ஒதுங்கினால் அங்கே தளர்ந்த சரளை குவிந்திருக்கும். மணல் வந்தால் உடம்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, ஆக்சிலரேட்டரை விடாமல், பார்வையைத் தூரத்தில் வைக்க வேண்டும். முன்சக்கரத்தைப் பார்த்தால் அங்கேயே விழுவோம். புல்டஸ்ட் என்று ஒன்று உண்டு. கோதுமை மாவு போன்ற நுண்தூசி குழியை நிரப்பிச் சமதரை மாதிரி காட்டும். சாலையின் நிறம் திடீரென்று வெளுத்துத் தெரிந்தால் வேகத்தைக் குறைத்துவிடுங்கள். மாட்டுப் பண்ணை வேலிகள் வரும் இடத்தில் சாலைக்குக் குறுக்கே இரும்புக் கம்பிகள் பதித்திருப்பார்கள். அவற்றை நேர்க்கோட்டில் கடக்க வேண்டும், சாய்ந்தபடி கடக்கக் கூடாது. மாரீக்கு மேற்கே டிங்கோ என்ற காட்டுநாயைத் தடுக்கும் வேலியையும் கடந்து போவீர்கள். 5,600 கிலோமீட்டர் நீளம், ஆட்டு மந்தைகளைக் காக்கப் போட்டது.

எதிரே பெரிய வண்டி வந்தால் நான் எப்போதும் இடப்பக்கம் ஒதுங்கி நின்றேவிடுவேன். அது கிளப்பும் தூசிக்குள் பின்னால் வேறு வண்டி வருகிறதா என்று தெரியாது. தூசி அடங்கிய பிறகு கிளம்பினால் போதும், ஒரு நிமிடம்தான்.

மாலை நான்கு மணிக்குமேல் ஓட்டவே இல்லை. இதில் விதிவிலக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். கங்காருக்கள் அந்தி மங்கும் நேரத்திலும் விடியலிலும்தான் சாலைக்கு வருகின்றன. எந்தப் பக்கம் துள்ளும் என்று அதற்கே தெரியாது. பகலில் கவனிக்க வேண்டியது ஆப்புவால் கழுகை. செத்த விலங்கைத் தின்றுகொண்டிருக்கும் அந்தப் பெரிய பறவைக்கு மேலெழும்ப நேரம் பிடிக்கும். காற்றுக்கு எதிராக எழும்ப முயன்று நம் முகத்துக்கு நேராகவே வரும். சாலையில் கறுப்பாக ஏதாவது தெரிந்தால் வேகத்தைக் குறைத்து, ஹாரன் அடித்து, அது பறந்துபோன பிறகு போங்கள்.

முதல் இரவு கவர்ட் ஸ்பிரிங்ஸ் முகாமில். பழைய ரயில்நிலையத்தை ஒட்டிய இடம், பேரீச்சை மரங்கள், ஊற்றுநீர் நிறைந்த சிறு தொட்டி. நாள் முழுக்கக் குலுங்கிய உடம்பு அந்தத் தண்ணீரில் இறங்கியதும் அடைந்த சுகத்தைச் சொல்லி முடியாது. இரவில் குளிர் சுழியத்தை நெருங்கும். பகலில் 20 டிகிரி இருக்கிறதே என்று மெல்லிய தூக்கப்பையோடு வராதீர்கள். தினமும் மாலை வெளிச்சம் இருக்கும்போதே ஸ்பேனரை எடுத்து எல்லா போல்டுகளையும் ஒருமுறை தொட்டுப் பார்ப்பேன். கோருகேஷன் எந்த வண்டியையும் தளர்த்தும். செயினில் அதிகம் எண்ணெய் விடாதீர்கள். தூசி ஒட்டி அரைத்துவிடும்.

வில்லியம் கிரீக் தாண்டி ஊட்னடாட்டா போகும் துண்டில் பின்டயர் பஞ்சர். கூர்மையான சிறு கல்தான். ஸ்போக் சக்கரம், உள்ளே டியூப். முன்னால் 21 அங்குலம், பின்னால் 17 என்று இரண்டு மாற்று டியூப், மூன்று லீவர், பேட்டரியில் ஓடும் சின்ன கம்ப்ரசர் எல்லாம் இருந்தன. வெயிலில் உட்கார்ந்து அவசரமில்லாமல் வேலையைத் தொடங்கினேன். டயரின் விளிம்பை ரிம்மிலிருந்து பிரிப்பதுதான் கடினம். பூட்ஸ் குதிகாலால் மிதித்து மிதித்துத்தான் வந்தது. புது டியூபைப் போடும்முன் டயரின் உட்புறம் முழுவதும் கையால் தடவிப் பாருங்கள், குத்திய கல் அங்கேயே இருக்கலாம்.

அந்த நேரத்தில் மூன்று வண்டிகள் கடந்தன. மூன்றும் நின்றன. முதலில் நின்றவர் ஒரு மாட்டுப் பண்ணை ஆள். ஜன்னலை இறக்கிக் கேட்ட முதல் கேள்வி, "தண்ணீர் இருக்கிறதா?" என்பதுதான். இருக்கிறது என்றேன். "உங்களைத் தேடுகிறவர் யாராவது இருக்கிறார்களா?" இது இரண்டாவது. தம்பியைப் பற்றிச் சொன்னதும் தலையசைத்துவிட்டுப் போனார். அடுத்து வந்த வயதான தம்பதி கேரவனை நிறுத்தி, தேநீர் போட்டுக் கொடுத்து, நான் காற்றடித்து முடிக்கும்வரை நின்றார்கள். ஊட்னடாட்டாவில் பிங்க் ரோட்ஹவுஸில் (பெட்ரோல், சாப்பாடு, தங்கல் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும் வழிக்கடை) போய் இறங்கியபோது, கல்லாவில் இருந்த அம்மா, "பஞ்சர் ஆன பைக்காரி நீங்கள்தானா, சரியாகிவிட்டதா?" என்றார். செய்தி எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது.

நாமும் அப்படியே செய்ய வேண்டும். யாராவது ஓரமாக நின்றால் நின்று கேட்காமல் போகக் கூடாது. எதிரே வருகிறவருக்கு ஹேண்டிலிலிருந்து ஒரு விரலையாவது தூக்க வேண்டும். உங்களைப் பார்த்தவர் ஒருவர் கூடினால், உங்களைப் பற்றிச் சொல்லத் தெரிந்தவர் ஒருவர் கூடுகிறார்.

வண்டி நின்றுபோனால் நடக்காதீர்கள். 1998 டிசம்பரில், அதாவது இங்கே கோடையில், காட்டி தாண்டா ஏரிக்கரையில், ஹாலிகன் விரிகுடாப் பக்கம், ஆஸ்திரியாவிலிருந்து வந்த ஓர் இணையின் வண்டி மணலில் சிக்கியது. உதவி தேடி வில்லியம் கிரீக் நோக்கி நடந்த பெண் வழியிலேயே வெயிலில் இறந்துபோனார். வண்டியோடு இருந்த ஆண் உயிர்பிழைத்தார். அவர்களிடம் வண்டியில் தண்ணீர் இருந்தது. ஊட்னடாட்டாவில் 1960 ஜனவரி 2 அன்று 50.7 டிகிரி பதிவாகியிருக்கிறது என்பதை வைத்து, டிசம்பரில் அந்தத் தரையில் நடப்பது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். மேலிருந்து தேடுகிறவர்களுக்கு மனிதரைவிட வண்டி எளிதில் தெரியும். நிழல் விரிக்க ஒரு தார்ப்பாயும் அதனால்தான் எடுத்துப்போனேன். பைக்கில் காரைப் போல நிழல் கிடையாதே.

காட்டி தாண்டா ஏரி கடல்மட்டத்துக்குச் சுமார் 15 மீட்டர் கீழே இருக்கிறது. அதன் தெற்குப் பகுதியைச் சாலையோரப் பார்வையிடத்திலிருந்தே பார்க்கலாம். அது அரபானா மக்களின் புனித இடம். ஏரித் தரையில் இறங்க வேண்டாம் என்பது அவர்கள் வேண்டுகோள். கரையில் நின்று பார்த்தாலே மனம் நிறைகிறது. அல்ஜிபகினா ரயில் பாலத்தையும் விட்டுவிடாதீர்கள். நீல்ஸ் ஆற்றின் மேல் 578 மீட்டருக்கு நீண்டு கிடக்கிறது. அடியில் தேங்கிய நீர்நிலையில் பெலிக்கன் பார்த்தேன்.

மார்லாவில் தார்ச்சாலை ஏறியதும் எல்லாம் முடிந்தது என்று தோன்றும். ஸ்டூவர்ட் நெடுஞ்சாலைக்கு வேறு பழக்கம் வேண்டும். டயரில் காற்றை மறுபடி நிரப்புங்கள், குறைந்த காற்றோடு 110இல் ஓடினால் டயர் சூடாகிவிடும். அங்கே ஓடும் ரோடு டிரெயின் என்ற சரக்கு லாரிகள் 53.5 மீட்டர் வரை நீளம், மூன்று டிரெய்லர்கள். எதிரே வந்தால் முதலில் காற்று நம்மைத் தள்ளும், உடனே உள்ளே இழுக்கும். டேங்கை முழங்காலால் இறுக்கி, உடம்பைக் குனித்து, இடப்பக்கம் கொஞ்சம் விலகி ஓட்டினால் சமாளிக்கலாம். முந்துவதென்றால் அவர்களுக்குப் பின்னால் ஒட்டாதீர்கள், கண்ணாடியில் தெரியமாட்டீர்கள். சின்ன யு.எச்.எஃப். ரேடியோவை 40ஆம் சேனலில் வைத்தால் டிரைவரிடம் பேசலாம். "பின்னால் பைக், முந்தலாமா?" என்று கேட்டால் பாதை தெளிவானதும் சொல்வார்கள்.

கூபர் பீடியில் ஓர் இரவு தரைக்கடியில் தூங்கினேன். 1915இல் ஒரு பதினான்கு வயதுப் பையன் ஓப்பல் என்ற ரத்தினக் கல்லைக் கண்டெடுத்த இடம். வெயிலுக்குத் தப்ப மக்கள் பாறைக்குள் வீடு குடைந்தார்கள். ஊருக்கு வெளியே கேமராவில் பார்த்தபடி பின்னால் நகராதீர்கள், மூடாத சுரங்கக் குழிகள் எங்கும் இருக்கின்றன. அங்கிருந்து தெற்கே கிளெண்டாம்போ வரை 250 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் இல்லை. எதிர்காற்று இருந்ததால் 90இல்தான் ஓட்டினேன். வழியில் தார்ச்சாலையிலேயே வெள்ளைப் பட்டைகள் தீட்டி, ராயல் ஃபிளையிங் டாக்டர் சர்வீஸ் விமானம் அவசரத்தில் இறங்கும் இடம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். தொலைதூர மக்களுக்கு விமானத்தில் மருத்துவ உதவி கொண்டுபோக ஜான் ஃபிளின் 1928இல் தொடங்கிய சேவை. ஒவ்வொரு ரோட்ஹவுஸ் கல்லாவிலும் அவர்களுக்கான உண்டியல் இருக்கும். போடுங்கள்.

போக நல்ல மாதங்கள் மே முதல் செப்டம்பர் வரை. கோடையில் வேண்டவே வேண்டாம். குளிர்காலத்திலும் மழை பெய்தால் அந்தக் களிமண் சக்கரத்தை முழுதாகச் சுற்றிக்கொள்ளும். உடனே சாலையை மூடுவார்கள். மூடிய சாலையில் போனால் கடும் அபராதம், அதோடு நாம் போட்ட தடம் காய்ந்து மற்றவர்களுக்குப் பல வாரம் தொல்லையாகும். திட்டத்தில் சும்மா உட்கார இரண்டு மூன்று நாள் ஒதுக்கிவையுங்கள். வாடகை பைக் என்றால் மண்சாலைக்கு அனுமதியும் காப்பீடும் உண்டா என்று ஒப்பந்தத்தைப் படித்துவிடுங்கள், பெரும்பாலும் இருக்காது. மாநில அரசின் சாலை நிலவரப் பக்கத்தைத் தினமும் பாருங்கள். அதைப் பார்த்த பிறகும் அடுத்த ரோட்ஹவுஸுக்கு ஒரு போன் செய்து கேளுங்கள். நேற்று எந்த ஓடையில் தண்ணீர் ஓடியது, எந்த இடத்தில் புல்டஸ்ட் ஆழம் என்று அவர்களுக்குத்தான் தெரியும். கேட்டுவிட்டு, எந்த நாள், எத்தனை மணிக்கு வருவீர்கள் என்றும் சொல்லிவையுங்கள்.